தெளிப்பு இயந்திரத்தில் கழுவிய வேஃபரில் மிளகுப்பொடி தூவியது போலப் புள்ளிகள்: எங்கிருந்து வருகின்றன?

சிலிகான் சித்தன் | பிரிட்டோரியா | 3 ஜூலை 2023, இரவு 9.40

வணக்கம். இங்கே ஓர் ஆய்வகத்தில் வேஃபர் கழுவுவது என் வேலை. குறைகடத்திச் சாதனங்கள் செய்யும் சிலிகான் வட்டுகளை ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அமிலத்திலும் நீரிலும் கழுவிக் காயவைத்துத் தர வேண்டும். தென்காசியில் இருக்கும் அம்மாவிடம் இதை விளக்கியபோது, "பாத்திரம் தேய்க்கவா கடல் தாண்டிப் போனாய்?" என்று கேட்டாள்.

பத்து வருடமாகத் தொட்டியில் முக்கித்தான் கழுவிவந்தோம். மார்ச் மாதம் பழைய தெளிப்பு இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. மூடிய அறைக்குள், வேஃபர்களை அடுக்கிய சட்டம், அதாவது கேசட், சுழலும். நடுத்தூணிலும் பக்கச் சுவரிலும் உள்ள நாசில்கள் வழியாக மருந்தும் (கழுவும் வேதிக் கரைசலை அப்படித்தான் சொல்வோம்) நீரும் நைட்ரஜனோடு கலந்து தூற்றலாக வந்து அடிக்கும். கடைசியில் அதே அறையிலேயே வேகமாகச் சுற்றி உலர்த்திவிடும். எங்களுடையது 100 மில்லிமீட்டர் வேஃபர், கேசட்டுக்கு 25. அம்மோனியாவும் பெராக்சைடும் கலந்தது முதலில், பிறகு நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அதன் பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெராக்சைடும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அயனி நீக்கிய நீர்.

வெளியே எடுத்து இருட்டறையில் சாய்வாக விளக்கடித்துப் பார்த்தால் மிளகுப்பொடி தூவியது போலப் புள்ளிகள். தொட்டிக் காலத்தில் ஒரு வேஃபருக்கு ஐந்தாறு இருக்கும். இப்போது சில நாள் 10, சில நாள் 60, 70. நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். நைட்ரஜன் ஃபில்டரை மாற்றினேன். நீரின் மின்தடை எண் 18.2 மெகாஓம்-சென்டிமீட்டர், இம்மியும் குறையவில்லை. இயந்திரத்தை விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தொட்டிக்கே திரும்பலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். இதைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

மலைச்சாரல் | கேப் டவுன் | 3 ஜூலை 2023, இரவு 10.15

நான் இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி. அடிப்படைக் கேள்வி ஒன்று, சிரிக்கக் கூடாது. அவ்வளவு தூய நீர் இருக்கும்போது அதை வேகமாக அடித்தாலே தூசு போய்விடாதா? மூன்று மருந்து எதற்கு?

பழைய ஃபேப்காரன் | ஜோஹன்னஸ்பர்க் | 4 ஜூலை 2023, காலை 6.20

மலைச்சாரல், சிரிக்கவில்லை. பதினெட்டு வருடம் சிங்கப்பூர் ஃபேப்களில், அதாவது சில்லு செய்யும் ஆலைகளில், இருந்தேன். உங்கள் கேள்வியை மேலாளர்களே கேட்டிருக்கிறார்கள், அதுவும் கூட்டத்தில்.

வேகமாக அடித்தால் மணல் போகும். ஒரு மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் அந்தக் கணக்கு செல்லாது. எவ்வளவு வேகமாக நீர் ஓடினாலும் பரப்பை ஒட்டிய மெல்லிய படலம் ஏறக்குறைய அசையாமல்தான் இருக்கும். சின்னத் தூசு அந்தப் படலத்துக்குள் பதுங்கிக்கொள்ளும். பிடிவாதமாக வேகத்தைக் கூட்டினால், தூசு கிளம்புவதற்கு முன்பே நீங்கள் பாடுபட்டு வரைந்த நுண்ணிய கோடுகள் முறியும்.

அதனால்தான் வேதியியல். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் வெர்னர் கெர்ன் 1965-இல் அமைத்த வரிசை இது. வெளியாருக்கு அச்சில் கிடைத்தது 1970-இல்தான். அம்மோனியம் ஹைட்ராக்சைடு ஒரு பங்கு, பெராக்சைடு ஒரு பங்கு, நீர் ஐந்து பங்கு, 75 முதல் 80 டிகிரிச் சூடு. பெராக்சைடு சிலிகான் மேல் ஆக்சைடை வளர்த்துக்கொண்டே இருக்கும், அம்மோனியா அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். தூசு காலூன்றி நிற்கும் தரையே கரைந்துவிடுகிறது. அதோடு, காரக் கரைசலில் தூசும் பரப்பும் இரண்டுமே எதிர்மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று தள்ளும். கிளம்பியது திரும்பி வந்து ஒட்டாது. பெராக்சைடு தீர்ந்து அம்மோனியா மட்டும் மிஞ்சினால் கதை கந்தல்: சிலிகானையே அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். ஹைட்ரோஃபுளோரிக் ஆக்சைடை உரிக்கும். கடைசி மருந்து உலோகக் கறைக்கு.

அப்படியானால் தெளிப்பு எதற்கு என்று அடுத்து கேட்பீர்கள். சித்தன் தென்காசிக்காரர், அவருக்குச் சொன்னால் உடனே புரியும். தொட்டி என்பது கோயில் குளம், தெளிப்பு என்பது குற்றாலம். குளத்தில் முங்கி எழும்போது மேலே மிதக்கும் பாசி தோளில் ஒட்டிக்கொண்டு வருமே, அதேதான் தொட்டியிலிருந்து வேஃபரைத் தூக்கும்போதும் நடக்கிறது. மிதக்கும் அழுக்கு நீர்மட்டத்தில் காத்திருக்கும். மேலும், முதல் கேசட் விட்டுச்சென்ற அழுக்கில்தான் இரண்டாவது கேசட் குளிக்கிறது. தெளிப்பில் ஒவ்வொரு துளியும் புதிது, பட்டதும் சுழற்சி வேகத்தில் வெளியே வீசப்பட்டு வடிகாலுக்குப் போய்விடும். மருந்து, அலசல், உலர்த்தல் எல்லாம் ஒரே அறையில் நடப்பதால் நடுவில் காற்றுக்கு வேலை இல்லை.

இவ்வகை இயந்திரங்களுக்குப் பேர்போனவை மினசோட்டாவின் எஃப்.எஸ்.ஐ.யும் மொன்டானாவின் செமிடூலும். செமிடூலை 2009-இல் அப்ளைடு மெட்டீரியல்ஸ் வாங்கியது, எஃப்.எஸ்.ஐ.யை 2012-இல் டோக்கியோ எலக்ட்ரான் வாங்கியது. பழைய இயந்திரத்துக்கு உதிரிபாகம் தேடும்போது எந்தப் பெயரில் தேடுவது என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

சித்தன், உங்கள் பிரச்சினைக்கு மாலையில் வருகிறேன். மின்சாரம் இருந்தால்.

கூரைமேல் வெயில் | சாட்ஸ்வர்த் | 4 ஜூலை 2023, பகல் 1.05

போன மாதம்தான் கடன் வாங்கிக் கூரையில் சோலார் தகடு போட்டேன். அதுவும் சிலிகான்தானே? இந்த ஹைட்ரோஃபுளோரிக்கை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடித்தால் மைனா எச்சம் போகுமா?

பழைய ஃபேப்காரன் | ஜோஹன்னஸ்பர்க் | 4 ஜூலை 2023, பகல் 1.12

ஐயா, வேண்டவே வேண்டாம். வேலையை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். உங்கள் தகட்டின் மேல் இருப்பது கண்ணாடி. அந்த அமிலம் கண்ணாடியைத் தின்னும், அதனால்தான் அதைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வைக்கிறார்கள். கண்ணாடியாவது போனால் போகிறது. நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலின் மூடியை நாங்கள் திறப்பதே இல்லை. மைனா எச்சத்துக்கு வாளித் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

கூரைமேல் வெயில் | சாட்ஸ்வர்த் | 4 ஜூலை 2023, பகல் 1.30

சரி. வாளி.

பழைய ஃபேப்காரன் | ஜோஹன்னஸ்பர்க் | 4 ஜூலை 2023, இரவு 8.50

இப்போது சித்தனுக்கு. முதலில், இது நீர்த்தழும்பு அல்ல. நீர்த்தழும்பு வட்டமாக, மங்கலாக, விளிம்போடு இருக்கும். ஹைட்ரோஃபுளோரிக் முடித்து நேராக உலர்த்தினால்தான் அது அதிகம் வரும், ஏனென்றால் வெறும் சிலிகானில் நீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். உங்கள் வரிசையில் அதற்குப் பின் பெராக்சைடு வருவதால் மெல்லிய ஆக்சைடு படிந்துவிடுகிறது.

என் சந்தேகம் நிலைமின்னூட்டம். 18.2 என்றால் அந்த நீர் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது. அதை டெஃப்லான் அறைக்குள் தூற்றலாக அடித்துச் சுழற்றினால் வேஃபர் மின்னூட்டம் ஏறி அறையில் உள்ள தூசையெல்லாம் அழைத்து உட்காரவைத்துக்கொள்ளும். பெரிய ஃபேப்களில் அலசும் நீரில் வேண்டுமென்றே கார்பன் டைஆக்சைடைக் கரைத்து மின்தடையைக் குறைப்பதே இதற்காகத்தான். அதிலும் இது ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் வறண்ட குளிர்காலம். கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கிறது.

பெட்டியிலிருந்து எடுத்த புது வேஃபர்களை வைத்து மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று, நீரும் மருந்தும் இல்லாமல் நைட்ரஜனில் சுற்றி எடுப்பது. இரண்டு, நீர் மட்டும். மூன்று, முழு வரிசை.

சிலிகான் சித்தன் | பிரிட்டோரியா | 6 ஜூலை 2023, இரவு 9.05

செய்தேன். நைட்ரஜனில் மட்டும் சுற்றியது: முன்பு 3, பின்பு 4. நீர் மட்டும்: 3 இருந்தது 52 ஆனது. முழு வரிசை: 48. ஆக மருந்துகள் குற்றவாளிகள் அல்ல, அறையும் அல்ல.

ஆனால் மின்னூட்டம்தான் காரணம் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. இயந்திரம் வந்த மார்ச்சில் இங்கே இன்னும் மழை ஓயவில்லை, காற்றில் ஈரம் இருந்தது. அப்போதும் சில நாள் 60 வந்திருக்கிறது.

பழைய ஃபேப்காரன் | ஜோஹன்னஸ்பர்க் | 6 ஜூலை 2023, இரவு 9.20

நீர் சேர்ந்தால் வருகிறது என்பது என் கருத்துக்கு எதிரானது அல்ல. தூற்றல்தானே மின்னூட்டத்தை உண்டாக்குகிறது? கார்பன் டைஆக்சைடு உருளை ஒன்று வாங்குங்கள்.

ஆலைக்கிழவன் | தொங்காட் | 7 ஜூலை 2023, காலை 5.10

எல்லோருக்கும் வணக்கம். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ், மிச்சம் ஆயாவிடம் கேட்டது. என் பூட்டன் மதராசிலிருந்து இந்த ஊருக்குக் கரும்பு வெட்ட வந்தவர். நான் கரும்பு வெட்டவில்லை. சர்க்கரை ஆலையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தேன்.

உங்கள் சிலிகான் எனக்குத் தெரியாது, குழாய் தெரியும். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்வரை சாறு நன்றாக இருக்கும். ஏதோ பழுதாகி நான்கைந்து மணி நேரம் நின்றுவிட்டால், முதலில் கெடுவது பெரிய குழாய் அல்ல. எங்காவது ஒரு கிளைக்குழாய், வால்வு மூடியபடி சாறு தேங்கி நிற்கும் முட்டுச்சந்து, அங்கேதான் தொடங்கும். திறந்தால் தவளை முட்டை போலக் கொழகொழவென்று வரும். எங்கள் ஆய்வகத்து அம்மா அதற்கு லூக்கோனாஸ்டாக் என்று ஒரு பெயர் சொல்வார். நாங்கள் நீராவி விட்டுக் கொல்லுவோம். மறுபடி பம்ப் போட்டதும் முதல் இடியில் அந்தச் சனியன் பிய்த்துக்கொண்டு ஓடி எல்லா இடத்துக்கும் போய்விடும்.

தம்பி, உங்கள் நீர் எங்காவது நிற்கிறதா?

பழைய ஃபேப்காரன் | ஜோஹன்னஸ்பர்க் | 7 ஜூலை 2023, காலை 7.00

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், கரும்புச் சாற்றில் சர்க்கரை இருக்கிறது, கிருமி வளரும். இது 18.2 நீர். அதில் உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, ஒன்றுமே இல்லை. கிருமி எதைத் தின்று வாழும்?

நீர்க்காரி | டர்பன் | 7 ஜூலை 2023, மாலை 6.45

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காலைப் பதிவைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் டயாலிசிஸ் மையங்களுக்கு நீர் சுத்திகரிப்பு அமைப்பவள். தொங்காட் ஐயா சொன்னதுதான் சரியான கேள்வி.

ஃபேப்காரர் அண்ணா, கிருமிக்கு விருந்து வேண்டாம், வாடை போதும். குழாயிலிருந்தும் அயனி நீக்கும் ரெசினிலிருந்தும் கசியும் துளியளவு கரிமப் பொருளே அதற்குப் பல நாள் சாப்பாடு. ரால்ஸ்டோனியா பிக்கெட்டி என்ற பாக்டீரியா மிகத்தூய நீர் அமைப்புகளில் குடியிருப்பதற்கே பெயர் பெற்றது. பட்டினியில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு 0.2 மைக்ரான் ஃபில்டரைக்கூடத் தாண்டும்.

அந்த 18.2 எண்ணைப் பற்றி. மின்தடை மானி அயனியை மட்டும் பார்க்கும். பாக்டீரியா அதன் கண்ணில் படாது. ஒரு லிட்டரில் ஆயிரக்கணக்கில் மிதந்தாலும் முள் 18.2-லேயே நிற்கும். எங்கள் துறையில் அதனால்தான் கடத்துதிறனைத் தனியாகவும் கிருமியைத் தனியாகவும் பார்க்கிறோம். டயாலிசிஸ் நீரில் மில்லிலிட்டருக்கு 100 கிருமிக்கூட்டம் என்பது எல்லைக்கோடு, 50 வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். மனிதனுக்கே இவ்வளவு என்றால் உங்கள் வேஃபருக்கு எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள். செத்த பாக்டீரியாவுக்குள் பாஸ்பரஸ் இருக்கிறது. அது சிலிகானின் மின்கடத்தலை எப்படி மாற்றும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சித்தன், மூன்று விஷயம் வேண்டும். நீர் ஓயாமல் சுற்றிவரும் சுற்றுக் குழாயிலிருந்து இயந்திரம் எவ்வளவு தூரம்? மின்வெட்டின்போது நீர்ப் பம்ப் ஓடுகிறதா? 60, 70 வந்த கேசட்டுகள் எந்த நேரத்தில் கழுவியவை?

சிலிகான் சித்தன் | பிரிட்டோரியா | 8 ஜூலை 2023, இரவு 11.30

பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். தலை சுற்றுகிறது.

மின்வெட்டு எங்களைப் பாதிக்காது என்றே இதுவரை நினைத்திருந்தேன். இயந்திரத்துக்குத் தனி யு.பி.எஸ். உண்டு. அமில ஆவியை இழுக்கும் விசிறிகளுக்கு ஜெனரேட்டர் உண்டு. கழுவிக்கொண்டிருக்கும்போது விளக்கு போனாலும் கேசட் நிற்காது. அதனால் மின்வெட்டு நேரத்தைப் புள்ளிக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று மதியம் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். நீர் நிலையத்தின் சுற்றோட்டப் பம்ப் எதிலும் இணைக்கப்படவில்லை, நேராகச் சுவரில் செருகியிருக்கிறது. மின்சாரம் போனால் அது நிற்கும், கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கும் அணையும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், சில நாள் நான்கு.

பதிவேட்டில் 40-க்கு மேல் புள்ளி வந்த கேசட்டுகள் 14. அவற்றில் 11, மின்சாரம் திரும்பி வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கழுவியவை. மற்ற மூன்றும் திங்கட்கிழமைக் காலை.

தூரத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய தொட்டி சுற்றுக் குழாயை ஒட்டியே இருந்தது. புது இயந்திரத்துக்கு இடம் இல்லாமல் பக்கத்து அறையில் வைத்து, ஒற்றைக் கிளை இழுத்துவிட்டார்கள். ஆறு மீட்டர். இயந்திரம் ஓடாதபோது அந்த ஆறு மீட்டர் நீரும் அப்படியே நிற்கிறது. அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

நீர்க்காரி | டர்பன் | 9 ஜூலை 2023, காலை 8.10

ஆறு மீட்டரா! மருந்துத் தொழிற்சாலைகளில் கிளையின் நீளம் குழாய் விட்டத்தைப் போல ஆறு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. இப்போது மூன்று மடங்கு என்று இறுக்கிவிட்டார்கள். உங்கள் குழாய் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் பழைய விதிப்படி ஒரு சாண் கூட வராது.

சட்டென்று எதையும் மாற்றிவிடாதீர்கள். முதலில் மாதிரி எடுங்கள். மின்வெட்டு முடிந்ததும் இயந்திரத்தின் வாயிலில் வரும் முதல் லிட்டர், அதே நேரத்தில் சுற்றுக் குழாயின் முனையில் ஒரு லிட்டர். உங்கள் வளாகத்து நுண்ணுயிரியல் துறையில் கொடுத்து ஆர்2ஏ அகார் என்ற சத்துக் குறைந்த வளர்ப்புக் கூழில் வளர்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் பயன்படுத்தும் சத்தான அகார் வேண்டாம். இந்தப் பட்டினிக் கிருமிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் ஒன்றும் முளைக்காது, நீங்களும் நிம்மதியாக ஏமாந்துபோவீர்கள். ஏழு நாள் பொறுங்கள்.

பழைய ஃபேப்காரன் | ஜோஹன்னஸ்பர்க் | 9 ஜூலை 2023, காலை 9.00

14-இல் 11 என்றால் என் மின்னூட்டக் கதைக்கு இடம் குறைவுதான். நிலைமின்னூட்டத்துக்கு மின்வெட்டு அட்டவணை தெரியாது. ஆனாலும் தட்டு முளைக்கும்வரை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். பம்ப் நின்று கிளம்பும் அழுத்த இடியில் ஃபில்டரிலிருந்தே வெறும் தூசு உதிரலாம், உயிருள்ளது எதுவும் தேவையில்லை.

தற்காலிகமாக ஒரு வழி: இயந்திரத்தின் முனையில் ஒரு வால்வை இம்மி திறந்து, இரவும் பகலும் வடிகாலுக்குச் சொட்டவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

மலைச்சாரல் | கேப் டவுன் | 9 ஜூலை 2023, காலை 9.40

மன்னிக்க வேண்டும், அண்ணா. 2018-இல் எங்கள் ஊரில் ஒருவருக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். குளித்த நீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றி வளர்ந்தவள் நான். இவ்வளவு பாடுபட்டுத் தூய்மையாக்கிய நீரை இரவும் பகலும் வடிகாலில் விடுவதா? அந்த முனையிலிருந்து இன்னொரு குழாய் போட்டு நீரைத் திரும்பச் சுற்றுக்கே அனுப்ப முடியாதா?

நீர்க்காரி | டர்பன் | 9 ஜூலை 2023, காலை 9.55

முடியும். முடியும் மட்டுமல்ல, செய்ய வேண்டியதே அதுதான். இரண்டாம் ஆண்டு மாணவி சொல்லிவிட்டாள், கேளுங்கள்.

சிலிகான் சித்தன் | பிரிட்டோரியா | 18 ஜூலை 2023, மாலை 5.20

தட்டுகள் வந்துவிட்டன. சுற்றுக் குழாய் முனை: நான்கு கூட்டம். இயந்திர வாயில்: எண்ண முடியாத அளவு. தட்டு முழுக்கச் சின்னச் சின்ன வெண்முத்துகள். அந்தத் துறைப் பெண்மணி தட்டை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "இதிலா கழுவுகிறீர்கள்?" என்று கேட்டார்.

பழைய ஃபேப்காரன் | ஜோஹன்னஸ்பர்க் | 18 ஜூலை 2023, மாலை 5.45

சரி, ஒப்புக்கொண்டேன். தொங்காட் ஐயா காலை ஐந்து மணிக்கு, தேநீர்கூடக் குடிக்காமல் கண்டுபிடித்ததை நான் பதினொரு நாள் மறுத்திருக்கிறேன்.

ஆலைக்கிழவன் | தொங்காட் | 19 ஜூலை 2023, காலை 5.05

தேநீர் குடித்துவிட்டுத்தான் எழுதினேன்.

நீர்க்காரி | டர்பன் | 19 ஜூலை 2023, காலை 7.30

இனி வேலை. கிருமி நீக்கத்துக்கு நீங்கள் எதுவும் புதிதாக வாங்க வேண்டாம். வேஃபர் கழுவ வைத்திருக்கும் பெராக்சைடே போதும். சுற்றில் ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும்படி நீர்த்து, இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, கிளைக்குள்ளும் இழுத்து நிறுத்தி வைத்துக் கழுவி வெளியேற்றுங்கள். அதற்கு முன் ரெசின் கலன்களைச் சுற்றிலிருந்து விலக்கிவிடுங்கள், பெராக்சைடு ரெசினை அரிக்கும். புற ஊதா விளக்கையும் அணையுங்கள், அது பெராக்சைடைச் சிதைத்துவிடும். அலசும்போது மானியை நம்பாமல், பெராக்சைடு காட்டும் தாள் பட்டையில் நிறம் வருவது நிற்கும்வரை விடாதீர்கள். இயந்திரத்தின் ஃபில்டரைத் தூக்கி எறியுங்கள். அதைச் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள், உள்ளே மறுபக்கம்வரை வளர்ந்திருக்கும்.

குழாயை மாற்றாமல் இதை மட்டும் செய்தால் மூன்று வாரத்தில் மறுபடி இங்கே வந்து எழுதுவீர்கள்.

சிலிகான் சித்தன் | பிரிட்டோரியா | 16 ஆகஸ்ட் 2023, இரவு 8.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். குழாய் வேலைக்கு அனுமதி வாங்கவே இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது சுற்றுக் குழாயே பக்கத்து அறைக்குப் போய், இயந்திரத்தின் வாயிலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. நிற்கும் நீர் ஒரு கட்டைவிரல் நீளம்தான். பம்பையும் பேட்டரியில் இணைத்துவிட்டேன், அரைக் குதிரைத்திறன் என்பதால் பெரிய செலவு ஆகவில்லை. புற ஊதா விளக்கையும் அதிலேயே சேர்த்துவிட்டேன்.

கிருமி நீக்கிய மறுநாள் எண்ணிக்கை 5, 4, 7. நேற்று நான்கு மணி நேர மின்வெட்டு முடிந்த கையோடு வேண்டுமென்றே ஒரு கேசட் போட்டேன்: 6. நடுவில் ஒரு கேசட்டில் மட்டும் 31 வந்து வயிறு கலங்கியது. பார்த்தால் அது பழைய கேசட், பள்ளங்களில் பிளாஸ்டிக் உரிந்து தூளாகியிருந்தது. குப்பைக்குப் போயிற்று.

பேராசிரியர் இப்போது இயந்திரத்தை "நம்முடைய இயந்திரம்" என்கிறார். ஜூன்வரை அது என்னுடையதாக இருந்தது.

ஆலைக்கிழவன் | தொங்காட் | 17 ஆகஸ்ட் 2023, காலை 5.20

மகிழ்ச்சி, தம்பி. ஒரு சந்தேகம். ஒவ்வொரு துளியும் புதிது, பட்டதும் வடிகாலுக்கு என்று படித்தேன். அந்தக் கண்ணாடி தின்னும் அமிலம் வடிகால் வழியாக எங்கே போகிறது?

சிலிகான் சித்தன் | பிரிட்டோரியா | 17 ஆகஸ்ட் 2023, காலை 7.45

நேராகச் சாக்கடைக்குப் போகாது, ஐயா. தனித் தொட்டியில் பிடித்து, சுண்ணாம்பு சேர்ப்போம். ஃபுளோரைடு சுண்ணாம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியம் ஃபுளோரைடாக அடியில் படிந்துவிடும். வண்டலைத் தனியாக எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் தெளிப்பு இயந்திரத்தில் மருந்துச் செலவு பழைய தொட்டியைவிட அதிகம் என்பதும், அதனால் சுண்ணாம்பு மூட்டையும் அதிகம் என்பதும் உண்மை. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

ஆலைக்கிழவன் | தொங்காட் | 17 ஆகஸ்ட் 2023, காலை 8.00

சுண்ணாம்பா! நாங்களும் சாற்றைத் தெளியவைக்கச் சுண்ணாம்புதான் போடுவோம். அழுக்கெல்லாம் அடியில் இறங்கி மேலே தெளிந்த சாறு நிற்கும். அடுத்த மாதம் மகள் வீட்டுக்கு பிரிட்டோரியா வருகிறேன். அந்த இயந்திரத்தை ஒருமுறை பார்க்கலாமா? எதையும் தொட மாட்டேன். நாசில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை.

சிலிகான் சித்தன் | பிரிட்டோரியா | 17 ஆகஸ்ட் 2023, காலை 8.10

கட்டாயம் வாருங்கள், ஐயா. மேலுடை, தலையுறை, காலுறை எல்லாம் நான் தருகிறேன். ஒன்றே ஒன்று: நெற்றியில் விபூதி இருந்தால் உள்ளே விட முடியாது. அதைவிட நேர்த்தியான தூசு உலகத்தில் கிடையாது.

ஆலைக்கிழவன் | தொங்காட் | 17 ஆகஸ்ட் 2023, காலை 8.25

74 வயதாகிறது, விபூதி இல்லாமல் வாசல்படி தாண்டியதில்லை. சன்னல் இருக்கிறதா? வெளியே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

சிலிகான் சித்தன் | பிரிட்டோரியா | 17 ஆகஸ்ட் 2023, காலை 8.27

இருக்கிறது, ஐயா. பெரிய சன்னல். நாசிலைக் கழற்றிக் கொண்டுவந்து கண்ணாடியருகே காட்டுகிறேன்.